மெத்தென்ற ஷூவும் தாங்கும் ஷூவும்: செவிலியர் காலணி பற்றி ஓர் எளிய விளக்கம்

புதிதாகப் பணியில் சேர்ந்த ஒரு செவிலியருக்கு ஷூ வாங்க, ராமநாதபுரம் அரண்மனைப் பகுதிக் கடைவீதிக்குத் துணையாகப் போயிருந்தேன். கடைக்காரர் ஒரு வெள்ளை ஷூவை எடுத்து உள்ளே கட்டைவிரலால் அழுத்திக் காட்டி, "அழுத்திப் பாருங்க சிஸ்டர், மெத்தை மாதிரி இருக்கும்" என்றார். அந்தப் பெண்ணும் அழுத்திப் பார்த்தார். விரல் உள்ளே இறங்கியதும் முகம் மலர்ந்து, பில் போடச் சொல்லிவிட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் வார்டில் நின்றவள் என்ற முறையில், அந்த ஓர் அழுத்தத்தில் தெரியவருவது மிகக் குறைவு என்பதை நான் அறிவேன். ஆனால் கடையில் நின்றபடி அதைக் கோவையாகச் சொல்ல என்னால் முடியவில்லை. அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பணியறைகளில் காலணி பற்றிய பேச்சுக்குக் குறைவே இல்லை. "சாஃப்டா பார்த்து வாங்கு", "கால் வீங்கும், அதனால ஒரு சைஸ் பெருசா எடு", "முதல்ல கடிக்கும், போடப் போட இளகிடும்" என்று ஆளுக்கு ஒன்று சொல்வோம். இவை ஒவ்வொன்றிலும் சிறிது உண்மை உண்டு. அந்தச் சிறிது உண்மையை நம்பித்தான் பலரும் தவறான ஷூவை வாங்கி, ஆறு மாதத்தில் குதிகாலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

மூன்று வகைத் தரை

மண்டபத்திலோ தேவிபட்டினத்திலோ கடற்கரையில் நடந்து பழகியவர்களுக்கு இந்த விஷயத்தின் பாதி முன்பே தெரியும். கரை மேட்டில் காய்ந்து கிடக்கும் மணல் கைக்கு எவ்வளவு மென்மையாக இருந்தாலும், அதில் நூறு அடி நடப்பதற்குள் கெண்டைக்கால் கடுக்கத் தொடங்கிவிடும். கால் புதைகிறது, குதிகால் ஒவ்வொரு அடியிலும் ஒரு பக்கமாகச் சாய்கிறது, புதைந்த காலை இழுத்து எடுக்கவே பாதி பலம் போய்விடுகிறது. கெட்டித் தரையில் நடப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான ஆற்றல் காய்ந்த மணலில் நடக்கச் செலவாகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். படகுத்துறையின் சிமெண்ட் தளத்தில் நடந்தால் கால் புதையாது. ஆனால் அடி விழும் அதிர்ச்சி முழுவதும் குதிகாலுக்கே திரும்பி வரும். அலை வந்து போன விளிம்பில், ஈரம் ஊறி இறுகிய மணலில் நடக்கும்போது மட்டும் எவ்வளவு தூரமானாலும் கால் நோவதில்லை. அந்த மணல் பாதத்துக்குச் சற்றே இடம் கொடுத்து, உடனே நின்றுவிடுகிறது.

மணல் இடம் கொடுக்கும் குணத்தை மெத்தை என்றும், அதற்கு மேல் புதையவோ சாயவோ விடாமல் நிறுத்தும் குணத்தைத் தாங்கல் என்றும் இந்தக் கட்டுரையில் அழைக்கிறேன். கடையில் கட்டைவிரல் அழுத்திப் பார்ப்பது மெத்தையை மட்டும்தான். எட்டு மணி நேரம் நின்று நடக்கும் ஒருவருக்கு வேண்டியது ஈர மணலைப் போன்ற ஷூ.

பாதம் என்னும் வில்

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. அவை தட்டையாகக் கிடக்காமல், குதிகாலிலிருந்து விரல்களின் அடிப்பகுதி வரை ஒரு வளைவாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பாதத்தின் உட்புறம் தரையில் படாமல் நிற்கும் அந்த வளைவுக்கு உள்வளைவு என்று பெயர். வளைவு தானாக நிற்காது. நம் பக்கத்துத் தனுஷ்கோடிக்கு வில்லின் முனை என்று பொருள் சொல்வார்கள். அந்த வில்லையே நினைத்துக்கொள்ளலாம். வில்லை வளைந்த நிலையில் பிடித்து வைப்பது நாண். பாதத்தில் அந்த வேலையைச் செய்வது, குதிகால் எலும்பில் தொடங்கி விரல்கள் வரை அடிப்பாதம் நெடுக ஓடும் உறுதியான நார்ப்பட்டை. இதைப் பாத நாண் என்று அழைப்போம்.

இதை இப்போதே பார்த்துவிடலாம். வெறுங்காலில் எழுந்து நின்று, பெருவிரலை மட்டும் வேறொருவரைக் கையால் மேலே தூக்கச் சொல்லுங்கள். உள்வளைவு கண் முன்னே உயரும். விரல் மடங்கும்போது நாண் இழுபட்டு வில் இறுகுகிறது. ஒவ்வோர் அடியின் முடிவிலும், குதிகால் எழும்பி விரல்கள் மடங்கும் கணத்தில், இதே செயல் நடக்கிறது. தளர்ந்திருந்த பாதம் கெட்டியான நெம்புகோலாக மாறி உடலை முன்னே தள்ளுகிறது. ஒரு பணிவேளையில் இது பல ஆயிரம் முறை நிகழும்.

நாண் ஓயாமல் அளவுக்கு மீறி இழுபட்டால், அது குதிகால் எலும்பில் பற்றியிருக்கும் இடத்தில் நொந்துபோகிறது. காலையில் படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகாலில் ஆணி அடித்தாற்போல ஒரு வலி வந்து, பத்து அடி நடந்ததும் குறைகிறதே, அது பெரும்பாலும் இதுதான். இரவு முழுவதும் சுருங்கிக் கிடந்த நாண் முதல் அடியில் சட்டென்று நீட்டப்படுவதால் அந்த வலி வருகிறது. எங்களில் பலர் இதை வயதின் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள். எனக்கு இது வந்தபோது வயது 26.

குதிகாலுக்கு இயற்கையே ஒரு மெத்தையும் வைத்திருக்கிறது. எலும்புக்கும் தோலுக்கும் நடுவே, தேனடை போன்ற சிறு அறைகளில் அடைபட்ட கொழுப்புதான் அது. நடக்கும்போது குதிகாலில் விழும் விசை உடல் எடையைவிடச் சற்று அதிகம்; 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 70 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கொழுப்பு பக்கவாட்டில் பிதுங்கி ஓடாமல் இருந்தால்தான் அதிர்ச்சியைத் தாங்கும். குதிகாலைச் சுற்றிப் பிடிக்கும் ஷூ அதைப் பிதுங்க விடாமல் காக்கிறது. திறந்த செருப்பால் அது முடியாது.

சுருக்கமாகச் சொன்னால், பாதம் ஒரு வில், அதன் அடியில் ஒரு நாண், குதிகாலில் ஒரு மெத்தை. இவை மூன்றும் தம் வேலையைச் செய்ய இடைஞ்சல் இல்லாமல் உதவுவதே ஷூவின் வேலை.

நின்றால் ஏன் கால் வீங்குகிறது

நடப்பதைவிட நிற்பது காலுக்குக் கடினம். வார்டில் சுற்றி வந்த நாளைவிட, அறுவை அரங்கில் ஒரே இடத்தில் நின்ற நாளில் கால் அதிகம் கனப்பதை எல்லோரும் கண்டிருப்போம். இதயத்திலிருந்து பாதத்துக்கு ரத்தம் எளிதாக இறங்கிவிடுகிறது. திரும்பி மேலே ஏறத்தான் உதவி வேண்டும். அந்த உதவியைச் செய்வது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது சுருங்கி விரிந்து, கைப்பம்பைப் போல ரத்தத்தை மேலே தள்ளுகிறது. கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு நீரைக் கீழே இறங்கவிடாமல் தடுப்பது போல, ரத்தக் குழாய்களுக்குள் இருக்கும் வால்வுகள் ஏறிய ரத்தத்தைப் பிடித்து வைக்கின்றன. அசையாமல் நின்றால் பம்பு நின்றுபோகிறது. ரத்தம் தேங்கி, நீர் திசுக்களில் கசிந்து, மாலைக்குள் பாதம் அரைச் சுற்று பெருத்துவிடுகிறது.

இதை எந்த ஷூவாலும் முழுமையாகத் தடுக்க முடியாது. நிற்கும் இடத்திலேயே சில நிமிடங்களுக்கு ஒருமுறை குதிகாலைத் தூக்கி இறக்குவது ஷூவைவிட நல்ல மருந்து. ஷூ செய்யக்கூடியது, பெருத்த பாதத்தை நெரிக்காமல் இருப்பது. அதனால்தான் ஷூவை மாலையில், முடிந்தால் பணி முடிந்த கையோடு போய் வாங்க வேண்டும் என்கிறேன். காலையில் கச்சிதமாகப் பொருந்தும் ஷூ மாலையில் கடிக்கும்.

கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை

இனி ஷூவுக்கு வருவோம். அதன் பின்புறத்தில் குதிகாலைச் சுற்றி நிற்கும் கெட்டியான சுவரைக் குதிச்சுவர் எனலாம். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அதை இரு பக்கமும் பிடித்து நெரித்துப் பாருங்கள். அட்டைப் பெட்டியைப் போல உள்ளே மடங்கினால், அது உங்கள் குதிகாலையும் நிறுத்தி வைக்காது. துணியால் ஆன பல கேன்வாஸ் ஷூக்களும், 'பெல்லி' என்று கடைகளில் சொல்லும் மெல்லிய பெண்கள் ஷூக்களும் இந்த ஒரு சோதனையிலேயே தோற்றுவிடும்.

அடுத்து ஷூவின் மூக்கையும் குதியையும் இரு கைகளில் பிடித்து மடக்குங்கள். அது எங்கே மடங்குகிறது என்பதுதான் கேள்வி. உங்கள் விரல்கள் மடங்கும் இடத்தில் அது மடங்க வேண்டும். நட்டநடுவில், உள்வளைவுக்கு நேர் கீழே மடங்கினால், நாம் மேலே பார்த்த நாண் இழுபடும் ஒவ்வொரு முறையும் வில்லுக்குத் துணை இல்லாமல் போகும். எங்குமே மடங்காத ஷூவும் ஆகாது. அதில் நடப்பது பலகையைக் கட்டிக்கொண்டு நடப்பதற்குச் சமம். அதே பிடியில், ஈரத்துணியைப் பிழிவது போல ஷூவை முறுக்கியும் பாருங்கள். கொஞ்சம் எதிர்க்க வேண்டும். கயிறு போல முறுக்கிக்கொண்டால் திரும்ப வைத்துவிடுங்கள்.

மேல்தோலுக்கும் தரையில் படும் ரப்பருக்கும் நடுவே இருக்கும் நுரை அடுக்குக்கு நடுச்சோல் என்று பெயர். மெத்தையையும் தாங்கலையும் தீர்மானிப்பது இதுவே. கடையில் விரல் அழுத்துவது இதை அன்று. அதற்கும் மேலே கிடக்கும் மெல்லிய உள்விரிப்பை. உள்விரிப்பைக் கையால் உருவி எடுத்துவிட்டு அதன் அடியில் அழுத்திப் பார்த்தால் உண்மை தெரியும். நான் முதல் சம்பளத்தில் வாங்கிய ஷூ இப்படித்தான் என்னை ஏமாற்றியது. மேலே பஞ்சு போல ஒரு விரிப்பு, அடியில் மலிவான நுரை. மூன்றாம் மாதம் விரிப்பை எடுத்துப் பார்த்தபோது, குதிகால் விழும் இடத்தில் உட்புறமாக ஒரு பள்ளம், ஓரத்தில் நுரை நெடுகச் சுருக்கங்கள். விரலால் அழுத்தினால் அழுத்திய தடம் அப்படியே நின்றது, நுரை எழும்பி வரவே இல்லை. அதற்குப் பிறகு காய்ந்த மணலில் நடப்பதற்கும் அந்த ஷூவில் நடப்பதற்கும் என்ன வேறுபாடு இருந்திருக்கும்?

குதிப்பகுதி முன்பகுதியைவிட ஓர் அங்குலம் வரை உயர்ந்திருக்கலாம். அதற்கு மேல் உயர்ந்தால் எடை முழுவதும் விரல்களின் அடியில் போய் விழும்.

உள்வளைவுக்கு அடியில் மேடு வைத்த ஷூவைப் பற்றியும் ஒரு சொல். ஈரக்காலைச் சிமெண்ட் தரையில் வைத்து, தடம் முழுதாக விழுந்தால் அது தட்டைப் பாதம் என்றும், அதற்கு உயரமான மேடு கட்டாயம் வேண்டும் என்றும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வலி இல்லாத தட்டைப் பாதம் நோய் அன்று. பாத வளைவின் வடிவத்தை மட்டும் பார்த்து ஷூ கொடுத்ததால் காயங்கள் குறையவில்லை என்பதை அமெரிக்கப் படைவீரர்களிடம் நடத்திய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மேடு உங்கள் வளைவை இலேசாகத் தொட்டு நின்றால் போதும். குத்தினால் அது உங்களுக்கான ஷூ இல்லை.

மீண்டும் ஒருமுறை: குதிச்சுவர் நெரியக் கூடாது, ஷூ விரல் மடிப்பில் மடங்க வேண்டும், எளிதில் முறுக்கிக்கொள்ளக் கூடாது, உள்விரிப்பின் அடியில் இருக்கும் நுரை அழுத்தினால் எழும்ப வேண்டும். நான்கையும் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது.

அளவு: எண்ணை நம்ப வேண்டாம்

பெட்டியில் போட்டிருக்கும் எண் நீளத்தை மட்டுமே சொல்கிறது. அதுவும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பலருக்கும் ஒரு பாதம் மற்றதைவிடச் சற்றுப் பெரிது. பெரிய பாதத்துக்கே வாங்க வேண்டும். எழுந்து நின்ற நிலையில், மிக நீளமான விரலுக்கும் ஷூவின் மூக்குக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும். மிக நீளமானது பெருவிரலாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டாம் விரல் நீண்டவர்களும் உண்டு.

அகலத்துக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. வீட்டில் ஒரு தாளின் மேல் எடை முழுவதும் ஊன்றி நின்று, பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரைந்து, அந்தத் தாளைக் கடைக்குக் கொண்டுபோங்கள். ஷூவை அதன் மேல் வைத்தால், வரைந்த கோடு ஷூவுக்கு வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால், விரல்கள் நெருக்கப்பட்டு, சுண்டுவிரலில் கால் ஆணியும் பெருவிரல் மூட்டில் புடைப்பும் வர வழி ஏற்படும். பெண்களுக்கான ஷூக்கள் பல முன்பக்கம் குறுகியே வருவதால், அகலமான பாதம் உள்ளவர்கள் ஆண்களுக்கான ஷூவை வாங்கத் தயங்க வேண்டாம்.

அகலம் போதவில்லை என்பதற்காக ஒரு சைஸ் பெரிதாக வாங்குவதுதான் நான் அதிகம் காணும் தவறு. நீளம் கூடிய ஷூவில் பாதம் முன்னும் பின்னும் வழுக்கும். அதைப் பிடித்து நிறுத்த விரல்கள் நாள் முழுவதும் மடங்கியபடி இருக்கும். ஷூ மடங்கும் இடமும் விரல் மடிப்பைத் தாண்டிப் போய்விடும். "போடப் போட இளகும்" என்பதும் இப்படித்தான். தோல் சிறிது இளகும், செயற்கைத் தோல் அநேகமாக இளகாது, நீளம் எதிலுமே கூடாது. கடையில் கடிக்கிற ஷூ வார்டிலும் கடிக்கும்.

வார்டின் தரை

மருத்துவமனைக்கான ஷூ முன்னும் பின்னும் மூடியிருக்க வேண்டும். கை தவறி விழும் ஊசியும் சிந்தும் ரத்தமும் நேராகப் பாதத்தின் மேல்தான் விழுகின்றன. 'கிராக்ஸ்' என்று பொதுவாகச் சொல்லப்படும் நுரை வார்ப்புச் செருப்புகளைக் கழுவுவது எளிது என்பதால் பலர் விரும்புகிறார்கள். ஆனால் மேலே துளை உள்ளவை வார்டுக்கு ஆகா. துளை இல்லாமலும் பின்வாருடனும் வருபவற்றைப் பாருங்கள்.

தரையில் படும் ரப்பரில் வரிப்பள்ளங்கள் இருக்க வேண்டும். ஃபீனைல் தண்ணீர் போட்டுத் துடைத்த டைல்ஸில் கால் வைக்கும்போது, அந்தப் பள்ளங்கள் வழியாக நீர் விலகினால்தான் ரப்பர் தரையைத் தொடும். நம் கடற்கரை ஊர்களில் இன்னொன்றும் உண்டு. நோயாளியைப் பார்க்க வருகிறவர்களின் காலோடு மணலும் உள்ளே வருகிறது; வழவழப்பான டைல்ஸில் அது கேழ்வரகு கொட்டியதைப் போல உருளும். காலை உணவு நேரத்தில் வார்டு வாசலில் நான் ஒருமுறை விழுந்ததற்கு ஈரம் காரணமில்லை, மணல்தான்.

உப்பும் மணலும்

கிராமச் சுகாதாரச் செவிலியரின் நிலை வேறு. தங்கச்சிமடத்திலோ பாம்பனிலோ மீனவர் குடியிருப்புகளில் வீடு வீடாகப் போகிறவர், மணலில் நடந்து, ஒவ்வொரு வாசலிலும் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைவார். ஒரு முற்பகலில் இருபது முறை லேஸை அவிழ்த்துக் கட்டச் சொல்வது நடக்காத காரியம். அவர்களுக்குக் குதிச்சுவரும் வெல்க்ரோ பட்டையும் உள்ள ஷூ, அல்லது குதிகாலைப் பிடிக்கும் பின்வாருடன் கெட்டியான அடி கொண்ட சாண்டல் பொருந்தும். கழற்ற எளிது என்பதற்காக ஹவாய் செருப்பில் நடந்தால், அது கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் ஓயாமல் இறுகிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

ஷூவுக்குள் புகுந்த மணல் உப்புத்தாள் போலத் தோலையும் உள்துணியையும் தேய்க்கும். பணி முடிந்ததும் உள்விரிப்பை உருவித் தட்டுங்கள். கடல்நீர் பட்ட ஷூவை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து எடுங்கள். போர்வெல் உப்புத் தண்ணீரில் கழுவினால் உப்பின் மேல் உப்புதான் சேரும். பிறகு நிழலில், காற்றில் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் பசை விடும், நுரைச் செருப்பு சுருங்கியும் போகும். நம் காற்றில் ஈரம் அதிகம், ஐப்பசி கார்த்திகையில் சொல்லவே வேண்டாம். ஒரே இரவில் ஷூ உள்ளே காய்வதில்லை. இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போட முடிந்தால், விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணுக்கு வேலை குறையும். முழுப் பருத்திச் சாக்ஸ் வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். நைலான் கலந்தது விரைவில் உலரும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் போதாது, ஏனெனில் ஷூ கடிப்பதே அவர்களுக்குத் தெரியாது. நோயாளிகளுக்கு நாமே எழுதித் தரும் எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பை இங்கே நினைவுகூர்கிறேன். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் பால் பிராண்டும் அவருடன் உழைத்தவர்களும் தொழுநோயாளிகளின் உணர்ச்சியற்ற பாதங்களுக்காகச் செய்த பணியோடு சேர்ந்து வளர்ந்தது அது. அதன் மேற்பகுதி நுண்ணறைகள் கொண்ட மென்மையான ரப்பர், அடிப்பகுதி வளையாத கெட்டிச் சோல். ஈர மணல் செய்கிற வேலையையே அது செய்கிறது. காலில் எரிச்சலோ மரத்துப்போதலோ இருக்கும் செவிலியர், ஷூக் கடைக்குப் போகும் முன் மருத்துவரிடம் பாதத்தைக் காட்ட வேண்டும். ஷூவை மாற்றியும் சில வாரங்களில் குறையாத குதிகால் வலிக்கும் இதுவே பொருந்தும்.

எப்போது மாற்றுவது

மேலே கிழியும்வரை ஷூ நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறோம். நடுச்சோல் அதற்கு வெகு முன்பே செத்துவிடும். மாதம் ஒருமுறை இரண்டு ஷூவையும் கழுவித் துடைத்து மேசைமேல் அருகருகே வைத்து, பின்புறமாகக் குனிந்து, கண்ணை அவற்றின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். புது ஷூவின் குதிச்சுவர் நேராக நிற்கும். பழையது, கரையில் இழுத்துப் போட்ட வள்ளம் போல ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அந்தப் புதுச் செவிலியர் அன்று பில் போடச் சொல்லியிருந்த வெள்ளை ஷூவைக் கடைசியில் திரும்ப வைத்துவிட்டு, விரல் அவ்வளவாக இறங்காத ஒரு கறுப்பு ஷூவை வாங்கினார். எட்டு மாதம் கழித்து, பணி மாறும் நேரத்தில், அதைப் பணியறை மேசையில் தாள் விரித்து வைத்து இருவரும் குனிந்து பார்த்தோம். இடது ஷூ நேராக இருந்தது. வலது ஷூ உட்புறமாகச் சாயத் தொடங்கியிருந்தது.